வாயில் ஆணி வைத்திருந்தவர்

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு மேல் பழகியும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் சிராங்கூன் ரோட்டில் வேறு யாருக்கும் தெரிந்ததாகவும் நினைவில்லை. ‘குஷன்காரர்’ என்றால் போதும், கார் வைத்திருந்தவர்கள் கையை நீட்டி அவர் கடை இருந்த சந்துப் பக்கம் காட்டிவிடுவார்கள்.

அவரும் யார் பெயரையும் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. முகமும் அவருக்கு நிற்காது. கோப்பிக் கடையில் ஒருவர் எதிரே வந்து நின்று, “என்னண்ணே, சௌக்கியமா?” என்று கேட்டால் கொஞ்ச நேரம் திணறுவார்.

“எந்தக் காடி?” என்பார்.

“பச்சைக் காடி, நாலு கதவு.”

அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிடும். “அட, பின்கதவு ஊதிப்போன பச்சையா! இப்ப எப்படி இருக்கு?”

கேட்பது கதவைப் பற்றித்தான். ஆளைப் பற்றி அல்ல.

ஐம்பதுகளின் கடைசியில் அவர் கடை ஒரு பழைய கடைவீட்டின் முன்பாதியில் இருந்தது. தையல் மெஷின் கடைக்கு முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையில் கிடக்கும். பக்கத்தில் கரி அடுப்பு, அதன் மேல் எப்போதும் ஒரு கெட்டில். கார் சந்தில் நிற்கும். காரின் உள்பக்கம் என்னவெல்லாம் இருக்கிறதோ, சீட்டு, கூரைத்துணி, கதவின் உள்பலகை, எல்லாம் அவர் வேலை. வெளியே வண்ணம் அடிப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், “அவங்க ரோட்டுல போறவனுக்கு வேலை செய்றாங்க, நான் உள்ள உக்கார்றவனுக்குச் செய்றேன்” என்பார்.

வேலை நேரத்தில் அவர் வாய் நிறைய ஆணி இருக்கும். நகக்கண் அளவுச் சின்ன ஆணிகள். நாக்கால் ஒன்றைப் புரட்டி, தலைப்பக்கம் வெளியே வரும்படி உதட்டுக்குக் கொண்டுவருவார். சுத்தியலின் முகம் காந்தம். உதட்டருகே போனதும் ஆணி அதில் தொற்றிக்கொள்ளும், அடுத்த கணம் மரச்சட்டத்தில் இறங்கியிருக்கும். கோப்பி குடிக்கும்போதுகூட ஆணியைத் துப்ப மாட்டார், கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். “முழுங்கிட்டா?” என்று நான் ஒருமுறை கேட்டேன். “பழகின ஆணி, மாஸ்டர். போகாது” என்றார்.

ஆனால் ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் ஆணிகளை உள்ளங்கையில் துப்புவார். அவர் துப்ப ஆரம்பித்தால் காரின் சொந்தக்காரர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வார்.

நான் அப்போது கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் என்னை ‘மாஸ்டர்’ என்றார்கள். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்தப் பட்டம் இனிக்காமல் இருக்குமா? என் கார் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் வண்டி. அதன் கூரைத்துணி தொங்கிப்போய், பழக வருகிறவர்களின் தலையை மாமியார் மாதிரித் தடவிக்கொண்டிருந்தது. தலையில் பூ வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தால், பாடம் முடியும்போது பூவில் பாதி துணியில் இருக்கும். அதனால்தான் முதன்முதலாக அவரிடம் போனேன்.

“துணி பழசாயிடுச்சுண்ணே” என்றேன்.

அவருக்குப் பிடிக்காத பேச்சு அது என்று எனக்குத் தெரியாது. உள்ளே தலையை விட்டு ஒரு சுற்றுப் பார்த்தார். “பழசுன்னா எல்லாப் பக்கமும் தொங்கணும். இங்க மட்டும் ஏன்?”

இந்த ‘இங்க மட்டும் ஏன்?’ என்ற கேள்விதான் அவர். மற்றதெல்லாம் அதைச் சுற்றி இருந்த சதை. தொங்குகிற ஒன்றை இழுத்து ஆணி அடித்து அனுப்புவது அவரால் முடியாத காரியம். ஏன் தொங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். கூரைத்துணிக்கு மேலே குறுக்கே வளைகம்பிகள் போகும். துணியின் முதுகில் தைத்த உறைகளுக்குள் அந்தக் கம்பிகள் செருகியிருக்கும், துணியைத் தாங்குவது அவைதான். நம் ஊர் ஈரத்தில் கம்பி துருப்பிடித்து உறையை அறுத்திருந்தது. அதைக் கண்டுபிடித்துக் காட்டினார். பிறகும் அவருக்குத் திருப்தி இல்லை. என்னை உள்ளே உட்காரச் சொன்னார். ஓட்டுகிறவர் பக்கம் அல்ல, சொல்லிக்கொடுக்கிறவன் உட்காரும் இடப்பக்கம். என் தலைக்கு மேலே துணியில் பழுப்பாக ஒரு கறை, விரித்த கை அளவுக்கு.

“இது யாரு கை?”

“என்னுதுதான். திருப்பத்துல பிடிச்சுக்குவேன்.”

“பிடிக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு? வெறும் துணி.”

நான் சிரித்து மழுப்பினேன். அவர், “ம்” என்றார். புதிய உறைகள் தைத்து, கம்பிக்கு எண்ணெய் பூசி, துணியை மாட்டி, கெட்டிலின் மூக்கிலிருந்து வரும் ஆவியைத் துணி மேல் காட்டிக்கொண்டே போனார். ஆவி பட்டுக் காயக் காயத் துணி இறுகி, மத்தளத் தோல் மாதிரி நின்றது. என் கைக்கறை மட்டும் போகவில்லை. அதைப் போக்க அவர் முயன்றதாகவும் தெரியவில்லை.

அவர் கண்டுபிடிப்புகளில் சந்தே ரசித்தது கிளாக்கர் கதை. கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் குமாஸ்தா, எப்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டை. அவர் காரில் ஓட்டுகிற பக்கத்துக் கதவின் உள்பலகை ஊதி, கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டு வயிறு தள்ளி நின்றது. பசாருக்குப் போகிற வழியில் மனைவியோடு வந்து காட்டினார். அன்று நானும் அங்கே கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

“பலகை பழசாப் போச்சுது. புதுசு ஒண்டு போட்டுவிடுங்கோ” என்றார் கிளாக்கர்.

“பழசுன்னா நாலு கதவும் ஊதணும். இங்க மட்டும் ஏன்?” பலகையைக் கழற்றி அதன் மேல்விளிம்பில் விரலை ஓட்டினார். “தண்ணி மேலேருந்து இறங்கியிருக்கு. மழையிலயும் கண்ணாடிய ரெண்டு விரல் எறக்கி வச்சு ஓட்டுறீங்க.”

“நானோ? இல்லையே!”

குஷன்காரர் விரலைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு பசை. ஆணிகளைத் துப்பிவிட்டு, “சிகரெட் சாம்பல். நனைஞ்சு ஒட்டியிருக்கு” என்றார்.

அதுவரை கடையின் உள்ளே தொங்கிய ரெக்சின் நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கிளாக்கர் வீட்டம்மா திரும்பினார். “இஞ்சேருங்கோ, சிகரட்டை விட்டு ஆறு வருசம் எண்டெல்லே சொன்னனீங்கள்?”

“அது... ஒப்பீஸிலை ஒருத்தரை ஏத்திக்கொண்டு வாறனான். அவர் பத்துறவர்.”

குஷன்காரர் இதை நிஜமாகவே யோசித்தார். அவரிடம் குத்தல் கிடையாது. “அவரு டிரைவர் சீட்லயா உக்கார்றாரு?” என்று கேட்டார்.

சந்தில் இருந்த எல்லாரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். அம்மா மட்டும் என்னைப் பார்த்தார். “மாஸ்டர், நாளைக்கு நான் கார் ஓடப் பழக வாறன். இவர் பின்னுக்கு இருக்கட்டும், என்ரை கண்ணுக்கு முன்னாலை.” கண்ணுக்கு முன்னால் எப்படிப் பின்னால் உட்கார முடியும் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணாடி இருக்கிறதே. சொன்னபடி மறுநாளே வந்துவிட்டார்.

எல்லாக் கதையும் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. ஒரு ஜவுளிக் கடைக்காரரின் காரில் பின்சீட்டுக்கு மேலே கூரைத்துணி இறங்கியிருந்தது. குஷன்காரர் மோந்து பார்த்தார். சந்தனமும் பன்னீரும். தையல் மடிப்பில் மல்லிகை இதழ் இரண்டு காய்ந்து ஒட்டியிருந்தன. ஆணிகளைத் துப்பினார்.

“நல்ல உயரம். தலை நிறையப் பூ. பின்சீட்டுல நடுவுல உக்காந்து போயிருக்காங்க” என்றார். ஜவுளிக்காரரின் மனைவி குள்ளம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னது காரைப் பற்றி. கேட்டவர்களுக்கு அது காரைப் பற்றியதாகப் படவில்லை. சாயங்காலத்துக்குள் செய்தி வீடு போய்ச் சேர்ந்தது.

மூன்று நாள் கழித்து அந்த அம்மாவே கடைக்கு வந்து நின்றார். கையில் ஒரு மயில் இறகு.

“உயரமா, தலை நிறையப் பூவோட, நடுவுல உக்காந்து வந்தது யாரு தெரியுமா? என் தம்பி எடுத்த காவடி! தைப்பூசத்தன்னிக்குத் தேங்க் ரோடு கோயில்லேருந்து எங்க காடியிலதான் வீட்டுக்கு வந்துச்சு. நேத்து அவன் வந்து ‘அக்கா, ஒரு இறகு குறையுது’ன்னப்பதான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. மூணு நாளா என் வீட்டுல அடுப்பு எரியல. அந்த மனுஷன் கடையிலயே படுத்துக்கிடந்தாரு. முருகனையா பொம்பளைன்னு சொன்னீங்க?”

குஷன்காரர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். அந்த அம்மா போன பிறகு டப்பாவிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாக ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த கார்களையெல்லாம் பார்த்தார், காரணம் தெரிந்துகொண்டார், துப்பவில்லை. “ஏன்ண்ணே தொங்குது?” என்று சொந்தக்காரர்களே கேட்டாலும், “ம்ம்” என்று ஒரு சத்தம்தான் வந்தது. சந்து கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

அந்த மௌன காலத்தில்தான் என் காலுக்கு எதிரே இருந்த பலகை விழ ஆரம்பித்தது.

இடப்பக்க முன்சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினால் படுகிற இடத்தில், சரிவாக ஓர் அட்டைப்பலகை இருக்கும், மேலே ரெக்சின் ஒட்டியிருக்கும். அது கழன்று தொங்கியது. கொண்டுபோனேன், மாட்டிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் மறுபடி தொங்கியது. புது அட்டை வெட்டி மாட்டினார். என் செருப்பை ஒரு தரம் பார்த்தார். மூன்றாவது முறை போனபோது, மாட்டி முடித்துவிட்டு எழுந்திருக்காமல் அங்கேயே குந்தியிருந்தார்.

“நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல, மாஸ்டர். சொல்லிப் பட்டது போதும். நீங்க உங்க சீட்டுல உக்காருங்க, நான் பாக்குறேன்.”

உட்கார்ந்தேன். அவர் சுற்றிவந்து ஸ்டியரிங் பக்கம் ஏறிக்கொண்டார். வாழ்நாளில் கார் ஓட்டாத மனிதர். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தைக்கிற மெஷினைப் பார்ப்பதுபோல் நேரே பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“போய்க்கிட்டிருக்கோம்” என்றார். “பசார் தாண்டியாச்சு. ரோடு காலியா இருக்கு. இப்ப...” திடீரென்று கத்தினார். “சைக்கிள்!”

என் கால் பாய்ந்து பலகையில் இடித்தது. அப்போதுதான் மாட்டிய பலகை டப்பென்று கழன்று என் பாதத்தின் மேல் விழுந்தது. வலது கை கூரைத்துணியில் இருந்தது.

அவர் ஆணிகளைத் துப்பினார். பல மாதங்களுக்குப் பிறகு.

“கால் போச்சு. வாய் வரலையே, மாஸ்டர். ஓட்டுறவனுக்கு உங்க கால் எங்க தெரியும்? நீங்க அமுக்குறது அட்டைய.”

“எல்லா மாஸ்டருக்கும் இப்படித்தான்ணே, பழக்கம்.”

“இருக்கும். இந்தப் பலகைய இனி நான் மாட்ட மாட்டேன். உங்க காலுக்குக் கீழ ரெண்டாவது பிரேக் ஒண்ணு வெச்சுட்டு வாங்க, மாட்டுறேன்.”

அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுக்கிற கார் எல்லாவற்றிலும் இரண்டாவது பிரேக் இருந்ததில்லை. “வெச்சா, மாஸ்டருக்கே பயம்னு பேசுவாங்க லா” என்றேன்.

“பயம்தானே?” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பலகையைப் பின்சீட்டில் வீசிவிட்டுக் காரை எடுத்தேன். அதே தெருவில் வேறொரு கடையில், “அட்டை நிக்காது, தகடு போடுங்க” என்றேன். ஒரு பேச்சும் பேசாமல் பளபளவென்று அலுமினியத் தகடு அடித்துக் கொடுத்தார்கள். எவ்வளவு உதைத்தாலும் விழாது. மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன்.

நான்காவது வாரம் கிளாக்கர் வீட்டம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல கை அவருக்கு, என்னிடம் பழகியவர்களில் பதற்றம் இல்லாமல் ஓட்டியவர். சிராங்கூன் ரோட்டில் ஒரு கிளைச்சந்திலிருந்து சைக்கிள் ரிக்‌ஷா மாதிரி ஒரு டிரைஷா வெளியே வந்தது. மேலே ஒரு சீனக் கிழவியும் இரண்டு காய்கறிக் கூடைகளும். அம்மா பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன். ‘பிரேக்’ என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். கால்தான் போனது. தகட்டின் கீழ்விளிம்பு முன்பே மேலே வளைந்திருந்திருக்கிறது, செருப்போடு கால் அதற்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது.

அம்மா தாமாகவே திரும்பிப் பார்த்து அமுக்கினார். கிழவியின் கூடைக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு கை இடைவெளி. டிரைஷாக்காரர் இறங்கி நின்று ஹொக்கியன் சீனத்தில் எங்கள் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்.

“மாஸ்டர், ஏன் ஒண்டும் சொல்லேல்லை?” என்றார் அம்மா.

நான் குனிந்து காலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

“கால் எங்கை?” என்றார். பிறகு தாமே பார்த்தார். சிரிக்கவில்லை. இறங்கிச் சுற்றிவந்து, தகட்டை இரண்டு கையாலும் நிமிர்த்தி என் காலை விடுவித்தார். “நான் எண்டபடியாலை நிண்டுது. புதுசா வந்த ஒரு பிள்ளை ஓடியிருந்தால் அந்த மனுசி இப்ப உயிரோடை இருப்பாவோ?”

அன்றைய மற்றப் பாடங்களை ரத்துச் செய்தேன். தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போய், ஓட்டுகிறவரின் பிரேக்கோடு தண்டு இணைத்து என் பக்கம் ஒரு பெடல் வைக்கச் சொன்னேன். இரண்டு நாள் ஆனது.

குஷன்காரர் காரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. தகட்டைக் கழற்றித் தூர வைத்தார். கடையின் உள்சுவரில் ஓர் ஆணியில் தொங்கிய பலகையை எடுத்துவந்தார். என் காரின் ரெக்சின் நிறம். நடுவே நீளவாட்டில் ஒரு திறப்பு, அதன் விளிம்பைச் சுற்றிப் பட்டி வைத்துத் தைத்திருந்தது. மேலே மெல்லிய தூசி. துடைத்துவிட்டு மாட்டினார். பெடலின் தண்டு அந்தத் திறப்புக்குள் வந்து நின்றது.

“இது எப்பண்ணே செஞ்சீங்க?”

“நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனீங்களே, அன்னிக்கு.”

“பெடல் இந்த எடத்துலதான் வரும்னு எப்படித் தெரியும்?”

“உங்க கால் அமுக்கின எடம், ரெண்டாவது தரம் நான் கழட்டிப் போட்ட பழைய அட்டையில குழியா இருக்கே.”

கடைசி ஆணியை அடித்தார். மிச்சம் இருந்ததை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தார். அவர் ஒரு மனிதரின் முகத்தை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“யாரு விழுந்தது?” என்றார்.

அதுவரை நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். நாலு வருடத்துக்கு முன், புக்கிட் மேரா பக்கம் ஒரு மேட்டுச் சாலை. ஓட்டியவன் பழக வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்த பையன். முன்னால் சைக்கிளில் ஒரு ரொட்டிக்கார பாய். அன்றும் எனக்கு வாய் வரவில்லை, வெறும் தரையைத்தான் அமுக்கினேன். ரொட்டியெல்லாம் சரிவில் உருண்டது. அவருக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கேட்டவர்களிடம், “அவரா வழுக்கி விழுந்தாரு” என்றேன். அதற்குப் பிறகு அந்தச் சாலைக்கு நான் போனதில்லை.

குஷன்காரர் கேட்டு முடித்தார். உள்ளங்கையிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக வாயில் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் காத்திருந்தேன். கோப்பிக் கடையில் யாராவது கேட்பார்கள், யாராவது பேச்சை நிறுத்துவார்கள் என்று. காவடிக் கதை அரை நாளில் பரவிய தெரு அது. இரண்டாவது வாரமும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்குக் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் நானே காரை எடுத்துக்கொண்டு புக்கிட் மேராவுக்குப் போனேன். பாய் அதே மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து. நிறுத்தி இறங்கினேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காரைத் தெரிந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு, இடப்பக்க ஜன்னலில் குனிந்து உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

“நீங்க வழுக்கி விழல, பாய்” என்றேன். “நான்தான் நிறுத்தச் சொல்லல.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் அவர். பிறகு உள்ளே விரலைக் காட்டி, “இப்ப ரெண்டு இருக்கு போல” என்றார்.

“ஆமா.”

“நல்லது” என்று சொல்லி, ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார்.

நேரே சந்துக்கு வந்தேன். குஷன்காரர் ஒரு நீலக் காரின் கூரைக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ரொட்டியைத் தையல் மெஷின் பலகையில் வைத்தேன். இன்னும் சூடு இருந்தது.

“புக்கிட் மேரா ரொட்டிண்ணே” என்றேன்.

அவர் எழுந்து வந்தார். கோப்பிக்குக்கூடத் துப்பாத ஆணிகளையெல்லாம் டப்பாவில் துப்பினார். வாயைக் கொப்பளித்தார். ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் தான் மென்று தின்றார்.

“நல்லா வெந்திருக்கு” என்றார்.